நச்சரிக்கும் இருமல், நச்சரிக்கும் மனைவி



குடும்பத்தில் நச்சரிப்பு அக்கறையா, தொல்லையா? இதுதான் தலைப்பு. அக்கறையே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய நண்பர் பத்து நிமிஷம் நல்ல தமிழில் பேசினார். கடைசியில் எங்களைத் திட்டவேண்டிய இடம் வந்ததும் ஆங்கிலத்துக்குத் தாவிவிட்டார். "இதுக்கு இங்கிலீஷ்ல நேகிங்னு பேருங்க. வெள்ளைக்காரனே இதைத் தொல்லைன்னு சொல்லிட்டான்"னார். நீங்களும் கைதட்டிட்டீங்க.

அய்யா, நான் கல்லூரியில இங்கிலீஷ் பாடம் நடத்துறவ. என் சமையல்கட்டுக்குள்ள வந்து என் அரிசிப் பானையிலேயே கை வைக்கலாமா? (சிரிப்பு) அதனால் எனக்குக் கொடுத்திருக்கிற நேரம் முழுக்க அந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வெள்ளைக்காரன் அதை எங்கெங்கே பயன்படுத்துறான், எந்த அர்த்தத்துல பயன்படுத்துறான், பார்த்துடுவோம்.

ஆங்கிலத்தில் 'நேக்' என்று இரண்டு வார்த்தை இருக்கிறது. எழுத்து ஒண்ணு, உச்சரிப்பு ஒண்ணு, ஆனா ரெண்டுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. முதல் நேக், குதிரை. ஏறத்தாழ அறுநூறு வருஷமாக அந்த மொழியில் இருக்கிற வார்த்தை. ஆரம்பத்தில் சவாரி செய்கிற சின்னக் குதிரைக்குப் பெயர். போகப்போக, நொந்து நூலாகிப்போன கிழட்டுக் குதிரைக்குப் பெயராகிவிட்டது. ஷேக்ஸ்பியர் நாடகங்களில் வருவதும் இந்தக் குதிரை நேக்தான். அடங்காத பெண்ணை அடக்குவதாக ஒரு நாடகமே எழுதினவர் அவர். அந்தப் பெண்ணைச் சொல்ல ஷ்ரூ, ஸ்கோல்ட் என்று வார்த்தை தேடினாரே தவிர, அவளை நேக் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கவும் முடியாது. அந்த அர்த்தமே அப்போ ஆங்கிலத்துல பிறக்கலை.

இரண்டாவது நேக், நம்ம ஆள், ரொம்பப் பின்னாடி வந்தவன். 19-ஆம் நூற்றாண்டில்தான் இந்தப் பொருளில் புழக்கத்துக்கு வருகிறது. வேர் எங்கே என்று பார்த்தால் நார்வே, ஸ்வீடன் பக்கத்து மொழிகளில் இருக்கிறது. அங்கே அதற்குக் கொறிப்பது, கடித்துக்கொண்டே இருப்பது என்று பொருள். எலி சுவரோரமா உட்கார்ந்து மரத்தைக் கொறிக்குமே, ராத்திரி பூரா 'கரக் கரக்'குன்னு, அந்தச் செயல். அதே வேரிலிருந்து கிளைத்த பங்காளி ஒன்று ஆங்கிலத்திலும் இருக்கிறது. கொறிப்பது என்றுதான் அதற்கும் அர்த்தம். முன்னால் ஜி என்று ஓர் எழுத்து நிற்கும், ஆனால் வாயைத் திறக்காது. உச்சரிப்பு வெறும் 'நா'. நம்ம ஊருல நா என்றால் நாக்கு. பொருத்தத்தைப் பார்த்தீங்களா? (சிரிப்பு)

வேடிக்கைக்குச் சொன்னேன், அதை மொழி ஆராய்ச்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அர்த்தத்தில் உண்மையிலேயே ஒரு பொருத்தம் இருக்கிறது. "காசு கேட்டு அரிக்கிறான்" என்கிறோம். அரிப்பது யார்? கரையான். கதவு நிலையைக் கரையான் அரிக்கிற மாதிரி ஒரு மனுஷன் இன்னொரு மனுஷனை அரிக்கிறான் என்று நம் பாட்டன் பூட்டன் சொல்லி வைத்தார்கள். குளிர் நாட்டுக்காரன் எலியைப் பார்த்தான், நாம கரையானைப் பார்த்தோம். ரெண்டு பேருக்கும் ஒரே எண்ணம்தான் தோணியிருக்கு: கொஞ்சம் கொஞ்சமா, விடாம.

இந்த 'விடாம' என்பதுதான் வார்த்தையின் உயிர். ஒருத்தரை ஒரே ஒரு தடவை 'நேக்' பண்ண முடியாது. ஒரு தடவை சொன்னால் அது ரிக்வெஸ்ட். இரண்டாவது தடவை சொன்னால் ரிமைண்டர். ஐந்தாவது தடவை சொன்னால்தான் நேகிங். சரி, அய்ந்தாவது தடவை ஏன் சொல்லவேண்டி வந்தது? முதல் நாலு தடவை நடக்கலை! (கைதட்டல்) அகராதியில் இந்தப் பாதியைப் போட மறந்துவிடுகிறார்கள். சொன்னவர் எத்தனை தடவை சொன்னார் என்று எழுதியிருக்கிறது. கேட்டவர் எத்தனை தடவை கேட்கவில்லை என்று எழுதவில்லை.

எதிரணி நண்பர் இந்த வார்த்தையைப் பெண்டாட்டிக்கு முன்னால் மட்டும் வைத்துப் பேசினார். ஆங்கிலேயன் வேறு எதற்கெல்லாம் முன்னால் வைக்கிறான்? நேகிங் பெயின் என்பான். தேள் கொட்டினால் அதை நேகிங் பெயின் என்று சொல்லமாட்டான். அது சுரீரென்று வருகிற வலி. முதுகுக்குக் கீழே ஒரு வலி, படுத்தாலும் இருக்கு, உட்கார்ந்தாலும் இருக்கு, ஆபீஸுக்கு லீவு போடுற அளவுக்கு இல்ல, ஆனா போகவும் மாட்டேங்குது. அதுதான் நேகிங் பெயின். பத்திரிகையில் விளையாட்டுப் பக்கத்தில் பார்த்திருப்பீர்கள், வேகப்பந்து வீச்சாளருக்கு நேகிங் இஞ்சுரி என்று போடுவான். ஆறவும் ஆறாது, ஆட்டத்தை விடவும் விடாது. அப்புறம் நேகிங் டவுட். பஸ் கிளம்பி அரை மணி நேரம் ஆனதும் மனசுக்குள்ள, 'கேஸை மூடினோமா?' மூடியிருப்போம். இருந்தாலும் கேட்டுக்கிட்டே இருக்கும். அப்போ அவன் சொல்வான், ஏதோ ஒன்று என்னை 'நேக்' பண்ணிக்கிட்டே இருக்கு என்று. வெளியே இருந்து யாரும் பேசவில்லை, உள்ளேயே ஒன்று கொறிக்கிறது.

இது எல்லாம் கெட்ட அர்த்தம்தானே என்று நண்பர் கேட்கலாம். அய்யா கிரிக்கெட் பார்ப்பவர், அதனால் அவருக்குத் தெரிந்த இடத்துக்கே வருகிறேன். நேகிங் லைன், நேகிங் லென்த் என்று ஆங்கில வர்ணனையில் சொல்வார்கள். அது திட்டா, பாராட்டா? பாராட்டு! ஆஸ்திரேலியாவின் கிளென் மெக்ராத்துக்கு இந்த வார்த்தை பொருந்தின மாதிரி யாருக்கும் பொருந்தவில்லை. 1993 முதல் 2007 வரை 124 டெஸ்ட் ஆடினார், 563 விக்கெட். எக்ஸ்பிரஸ் வேகம் கிடையாது, பெரிய மாயாஜாலம் கிடையாது. ஆஃப் ஸ்டம்புக்குக் கொஞ்சம் வெளியே, அதே இடம். அடுத்த பந்தும் அதே இடம். மறுநாள் காலையிலும் அதே இடம். ஆடுறவன் கடைசியில் பொறுமை இழந்து மட்டையை நீட்டுவான், அவுட்.

நம்ம ஊரிலேயே 1964 ஜனவரியில், சென்னை கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில், இங்கிலாந்துக்கு எதிராக பாபு நட்கர்னி இப்படித்தான் பந்து போட்டார். 32 ஓவர், அதில் 27 மெய்டன், கொடுத்தது 5 ரன். இடையில் தொடர்ந்து 21 ஓவர் ரன்னே இல்லை. விக்கெட்டும் விழலை, அது வேற விஷயம். மாசக் கடைசியில நம்ம வீடு மாதிரி, வரவும் இல்ல, செலவும் இல்ல. (சிரிப்பு) இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுகிறோமே! ஒரு ஆம்பளை ஒரே இடத்துல 21 ஓவர் போட்டா சாதனை. ஒரு பொம்பளை ஒரே விஷயத்தை மூணு நாள் சொன்னா வேதனையா? (கைதட்டல்)

கம்ப்யூட்டர்காரர்களும் இந்த வார்த்தையை எடுத்துக்கொண்டார்கள். சில மென்பொருளை இலவசமாகக் கொடுத்துப் பழகவிட்டு, அப்புறம் திறக்கும்போதெல்லாம் 'இன்னும் பணம் கட்டவில்லை' என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். அதற்கு நேக் ஸ்கிரீன் என்றே பேர். வின்ரார் என்ற மென்பொருள் இதில் பேர் பெற்றது. 40 நாள் சோதனைக் காலம் முடிந்தாலும் வேலையை நிறுத்தாது, ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கும். எங்கம்மா அப்படியேதான்! திட்டிக்கிட்டே இருப்பாங்க, சோறு போடுறதை நிறுத்தமாட்டாங்க.

பக்கத்து வீட்டு வார்த்தைகளையும் கொஞ்சம் பார்க்கணும், இல்லேன்னா என் மாணவர்கள் மாதிரி நீங்களும் குழப்பிக்குவீங்க. ஸ்கோல்ட் என்றால் கோபத்தில் சத்தம் போட்டுத் திட்டுவது. திட்டி முடித்தால் முடிந்தது. பெஸ்டர் என்றால் தனக்கு வேண்டியதைக் கேட்டு உயிரை எடுப்பது. கடை வாசலில் பிள்ளை பொம்மை கேட்டு அழுவது பெஸ்டர். பிள்ளைகளின் இந்த பலத்துக்கு பெஸ்டர் பவர் என்று பேர் வைத்து, அதை நம்பியே விளம்பரம் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். நேகிங் பெரும்பாலும் அப்படி இல்லை. "மின்சாரக் கட்டணம் கட்டுங்க", "பல் டாக்டரைப் பாருங்க", "அக்காவுக்கு ஒரு போன் போடுங்க", இதில் கேட்கிறவளுக்குத் தனியாக என்ன லாபம்? நீங்கள் செய்யவேண்டிய வேலையை, உங்களுக்காக அவள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு அலைகிறாள். பெஸ்டருக்கும் நேகிங்குக்கும் இடையில் கோடு போட்டு வைத்திருக்கவில்லை, சில இடத்தில் ஒன்றுக்கொன்று மாற்றியும் சொல்வார்கள். ஆனாலும் இந்த வித்தியாசத்தைக் காது வைத்துக் கேட்டால் தெரியும்.

நடுவர் அவர்களே, இப்போது கொஞ்சம் சிரிப்பை ஓரமாக வைத்துவிட்டு ஒன்று சொல்லவேண்டும். இது வெறும் வார்த்தை விளையாட்டாக இருந்தால் நான் இவ்வளவு மெனக்கெட மாட்டேன்.

நேக் என்ற வார்த்தை வருவதற்கு முன்னாலேயே இங்கிலாந்துச் சட்டத்தில் 'காமன் ஸ்கோல்ட்' என்று ஒரு குற்றம் இருந்தது. ஓயாமல் சண்டை பிடித்து அக்கம்பக்கத்தாரின் அமைதியைக் கெடுப்பவர் என்று பொருள். அந்தக் குற்றத்துக்கான லத்தீன் பேரே பெண்பாலில்தான் இருக்கிறது என்று 18-ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் எழுதி வைத்திருக்கிறார். ஆம்பளை அந்தக் குற்றத்தைச் செய்யவே முடியாது! தண்டனை என்ன தெரியுமா? ஒரு நீண்ட மரத்தின் முனையில் நாற்காலி. அதில் அந்தப் பெண்ணைக் கட்டி, ஊர் கூடிப் பார்க்க, குளத்திலோ ஆற்றிலோ முக்கி எடுப்பார்கள். இங்கிலாந்தில் லெம்ஸ்டர் என்று ஓர் ஊர். எழுதும்போது 'லியோமின்ஸ்டர்' என்று நீளமாக எழுதுவான், கூப்பிடும்போது லெம்ஸ்டர். ஆங்கிலத்துக்கு இது ஒரு வியாதி. அந்த ஊரில் 1809-ல் ஒரு பெண்ணை இப்படி முக்கினார்கள். அந்த நாட்டில் இந்தத் தண்டனை நிறைவேறியதாகப் பதிவான கடைசி சம்பவம் அது. 1817-ல் இன்னொரு பெண்ணை நாற்காலியில் வைத்து ஊர்வலம் விட்டார்கள். போய்ப் பார்த்தால் தண்ணீர் போதவில்லை! அதனால் விட்டுவிட்டார்கள். அந்த நாற்காலி அந்த ஊர் தேவாலயத்தில் இன்னும் இருக்கிறது. தண்டனை வழக்கொழிந்து போனாலும் குற்றம் சட்டப் புத்தகத்திலேயே உட்கார்ந்திருந்தது. 1967-ல்தான் அதை எடுத்தார்கள்.

1967-ஓடு முடிந்ததா? இல்லை. இங்கிலாந்தில் 1957-ல் ஒரு சட்டம் வந்தது. கொலை செய்தவன், இறந்துபோனவர் தன்னை ஆத்திரமூட்டினார் என்று காட்ட முடிந்தால், கொலைக் குற்றம் அதைவிடக் குறைந்த குற்றமாக மாறும். செய்கையால் ஆத்திரமூட்டியதும் சேரும், சொன்ன சொல்லும் சேரும் என்று அந்தச் சட்டம் சொன்னது. மனைவியைக் கொன்ற புருஷன்மார் கோர்ட்டில் நின்று, "அவ நச்சரிச்சுக்கிட்டே இருந்தா, ஒரு கட்டத்துல தாங்க முடியலை" என்று வாதாடினார்கள். அதைக் கேட்டு தண்டனை குறைந்த வழக்குகளும் உண்டு. இறந்தவள் வந்து 'நான் எதுக்காகத் திரும்பத் திரும்பச் சொன்னேன்'னு விளக்கம் கொடுக்க முடியுமா? பெண்கள் அமைப்புகள் வருஷக்கணக்கில் போராடின. 2009-ல் சட்டம் இயற்றி, 2010-ல் அந்தப் பழைய வாதத்தையே எடுத்துவிட்டுக் கடுமையான நிபந்தனைகளோடு வேறொன்றைக் கொண்டுவந்தார்கள். ஒரு வார்த்தையை யார் தலையில் ஒட்டுகிறோம் என்பதில் உயிரே இருக்கிறது அய்யா. (அரங்கத்தில் அமைதி)

அதற்காக எல்லா நச்சரிப்பும் அன்பு என்று நான் சாதிக்கமாட்டேன். எதிரணி அம்மா சொன்ன அந்த மாமியார் கதை, கல்யாணமாகிப் பத்து வருஷம் கழிச்சும் வராத அந்த ரெண்டு பவுனைத் தினமும் சொல்லிக் காட்டுவது, அதை நேகிங் என்று சொன்னால் அந்த மருமகளுக்கு நாம் துரோகம் செய்கிறோம். அது கொடுமை. அதற்குச் சின்ன வார்த்தை போடக்கூடாது. வேலை முடிந்த பிறகும் நிற்காமல் ஆளையே கொறிக்கிற பேச்சும் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

இன்னும் ஒரே ஒரு பயன்பாடு பாக்கி. நேகிங் காஃப். விடாத இருமல்.

எங்கப்பாவுக்கு வந்தது. முதல் வாரம் 'தண்ணி மாத்திக் குடிச்சேன்'னாரு. ரெண்டாவது வாரம் 'பனி'ன்னாரு. எங்கம்மா ஆரம்பிச்சாங்க. "ஒரு தடவை போய்க் காட்டிட்டு வாங்களேன்." காபி கொடுக்கும்போது சொல்வாங்க, சட்டையை மடிக்கும்போது சொல்வாங்க, ராத்திரி விளக்கை அணைச்ச பிறகு இருட்டுல ஒரு தடவை சொல்வாங்க. எங்கப்பா, "உன் வாய் ஓயாதா?"ம்பாரு. சொல்லி முடிக்கிறதுக்குள்ள இருமுவாரு. இருமலும் ஓயலை, அம்மாவும் ஓயலை. ஆங்கிலத்துல ரெண்டுக்கும் ஒரே அடைமொழிதான். இருமலைக் கேட்டுத் தொண்டையைத் தடவிக்கொண்டவர், இன்னொன்றைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டார்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்யவேண்டும் என்பது இன்றைக்கு இந்தியாவின் காசநோய்த் திட்டத்தில் உள்ள விதி. எங்கப்பா போனது மூணாவது மாசம். போனதும் உடம்புக்காக இல்ல, "இவ தொல்லை தாங்க முடியாமத்தான் வந்தேன்"னு டாக்டர்கிட்டயே சொல்லியிருக்காரு. காசம்தான். ஆறு மாசம் மருந்து, தினமும் காலையில வெறும் வயித்துல. ஒரு நாள்கூட விடக்கூடாது, பாதியில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போய்விடும்.

காசநோயில் பெரிய சிக்கலே இதுதான். ரெண்டு மாசத்தில் உடம்பு தேறிவிடும், இருமல் நின்றுவிடும், நோயாளி மாத்திரையை நிறுத்திவிடுவார். சென்னை சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையம், நோயாளிகளைச் சானடோரியத்தில் வைத்தும் வீட்டில் வைத்தும் மருந்து கொடுத்துப் பார்த்து, வீட்டு வைத்தியமும் அதே அளவுக்குப் பலன் தருகிறது என்று 1959-ல் உலகத்துக்குச் சொன்னது. வீட்டில் விட்டுவிட்டால் சாப்பிடுகிறாரா இல்லையா என்று எப்படித் தெரியும்? ஊழியர்கள் வீடு தேடிப் போய்ப் பார்த்தார்கள், கேட்டார்கள், மறுபடியும் போனார்கள். பிறகு 1990-களில் உலக சுகாதார நிறுவனம் 'டாட்ஸ்' என்று ஒரு முறையை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அதன் முக்கியமான அம்சம், நோயாளி மாத்திரையை விழுங்குவதை இன்னொருவர் எதிரில் நின்று பார்ப்பது. ஜெனீவாவிலேர்ந்து சொன்னா டாட்ஸ். எங்க வீட்டு அடுப்படியிலேர்ந்து எங்கம்மா சொன்னா நேகிங்! (பலத்த கைதட்டல்)

(நடுவர் மணி அடிக்கிறார்.)

இதோ முடிச்சுடுறேன் அய்யா. எங்கம்மா ஆறு மாசமும் தட்டுல மாத்திரையை வச்சுக்கிட்டு எதிர்ல நின்னாங்க. "முழுங்குங்க. வாயைத் திறங்க, பார்க்கணும்." எங்கப்பா, ஹெட்மாஸ்டரா இருந்து ஊரையே நடுங்க வச்சவரு, சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்து காட்டுவாரு. குணமாயிடுச்சு. ஆனா ரெண்டு மாசம் தாமதமாப் போனதுல ஒரு பக்க நுரையீரல்ல தழும்பு நின்னுடுச்சு. அதுக்கப்புறம் சைக்கிளை ரயில்வே மேம்பாலத்துல மிதிச்சு ஏத்த முடியலை, இறங்கித் தள்ளிக்கிட்டுத்தான் போவாரு. அம்மா அதைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அப்போ சொன்னதெல்லாம் இப்போ சொல்லவே இல்லை.

மருந்து முடிஞ்ச மறுநாள் காலையில எங்கப்பா வழக்கம்போல எழுந்து, பல் தேய்ச்சு, தண்ணி டம்ளரை எடுத்துக்கிட்டுத் திண்ணையில வந்து உட்கார்ந்தாரு. மாத்திரை வரலை. அம்மா உள்ளே அரிசி களைஞ்சுக்கிட்டிருந்தாங்க. அஞ்சு நிமிஷம் பார்த்தாரு, பத்து நிமிஷம் பார்த்தாரு. அப்புறம் உள்ளே திரும்பி, "என்ன, இன்னிக்கு ஒண்ணும் சொல்லக் காணோம்?"னு கேட்டாரு.

(மணி.)

நடுவர் அவர்களே, ஒரே மணியை ரெண்டாவது தடவை அடிக்கிறீங்க. முதல் தடவையே நான் உட்கார்ந்திருந்தா அடிச்சிருக்க மாட்டீங்க. (சிரிப்பு) மூணாவது தடவை அடிக்க வைக்காம உட்கார்ந்துடுறேன்.